அழுத்தும் இயந்திரம் இல்லாமல் அச்சு: சீன மரப்பலகை நூல்கள் உருவான விதம்

காகிதத்தையும் அச்சையும் கண்டுபிடித்தது சீனா என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரி வரும். அடுத்த வரியில் ஐரோப்பாவில் இயந்திரத்தால் அச்சிட்ட குட்டன்பர்க் வந்துவிடுவார். இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால் மனத்தில் ஓர் ஏணி உருவாகிவிடுகிறது. முதலில் மரத்தில் செதுக்கிச் சிரமப்பட்டார்கள், பிறகு தனித்தனி எழுத்து வந்தது, கடைசியில் இயந்திரம் வந்து வேலை எளிதானது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சீனாவில் நடந்ததற்கும் இந்த ஏணிக்கும் பொருத்தமே இல்லை. தனித்தனி எழுத்துத் துண்டுகளைக் கோத்து அச்சிடும் தனி எழுத்து அச்சு அங்கே 1040-களிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலான சீன நூல்கள் மரப்பலகையிலேயே அச்சாயின. புதியதை அறியாததால் நடந்ததல்ல இது. அந்தக் காகிதத்துக்கும் அந்த மைக்கும் அந்த எழுத்துக்கும் பலகைதான் சரியாக அமைந்தது. எப்படி அமைந்தது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாணயமும் பென்சிலும்

நாணயத்தின் மேல் ஒரு தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்கும் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். நாணயத்தில் மேடாக இருக்கும் கோடுகள் தாளில் எழும்பி வரும். இதில் எங்கும் பாரமான அழுத்தம் இல்லை. தாள் மெலிதாக இருப்பதால் விரலின் பலமே போதுகிறது. தடித்த அட்டையை வைத்துத் தேய்த்தால் ஒன்றும் வராது.

சீன அச்சின் அடிப்படையும் இதுதான், ஒரு மாற்றத்தோடு. பென்சிலுக்குப் பதிலாக மேடான கோடுகளின் மேல் மையைத் தடவி, அதன்மேல் தாளைப் பரப்பி, தாளின் முதுகைத் தூரிகையால் தேய்ப்பார்கள். மை தாளின் அடிப்பக்கத்தில் பதியும். இதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: மெலிதான ஆனால் கிழியாத காகிதம், லேசான தொடுதலுக்கே தாளுக்கு ஏறும் மை, இடவலம் மாறிய மேடான எழுத்து.

காகிதம்: நாரை உடைத்து மறுபடி பின்னுவது

காகிதத்துக்கு முன்பு சீனர்கள் மூங்கில் பட்டிகளில் எழுதினார்கள். விரலகலம்கூட இல்லாத பட்டிகள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக ஒரு வரி. கயிற்றால் கோத்துப் பாய்போலச் சுருட்டி வைப்பார்கள். ஒரு நூல் என்றால் ஒரு சுமை. பட்டுத்துணி இலேசானது, ஆனால் விலை அதிகம்.

கி.பி. 105-இல் ஹான் அரசவை அதிகாரி சாய் லுன், மரப்பட்டை, சணல்வகை நார்க் கழிவு, கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றால் செய்த காகிதத்தைப் பேரரசரிடம் அளித்தார் என்று ஹான் வரலாற்று நூல் சொல்கிறது. அவரைக் காகிதத்தின் கண்டுபிடிப்பாளர் என்பது முழு உண்மையல்ல. கான்சு மாகாணத்தின் ஃபாங்மாதான் என்ற இடத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த காகித வரைபடத் துண்டு, அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. சாய் லுன் செய்த பெரிய காரியம் வேறு. மலிவாகக் கிடைக்கும் மூலப்பொருள்களைக் கொண்டு, எழுதத் தகுந்த தரத்தில், தொடர்ந்து செய்யக்கூடிய ஒரு முறையாக அதை நிறுத்தினார்.

பட்டையையோ கந்தலையோ நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பு அல்லது சாம்பல் நீரில் வேகவைப்பார்கள். இதில் நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் பசைப் பொருள்கள் கரைந்துபோகும். நன்றாக அலசி, உலக்கையால் இடித்தால் நார் இழை இழையாகப் பிரிந்து கூழாகும். இந்தக் கூழைத் தொட்டி நீரில் கலக்கி, மூங்கில் சீவல்களால் நெய்த சல்லடையால் வாரி எடுத்து ஆட்டுவார்கள். நீர் வடிய வடிய, மிதந்த இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் படிந்து ஒரு மெல்லிய ஏடாகும். அந்த ஏடுகளை ஈரத்தோடு அடுக்கி, பாரம் வைத்து நீரைப் பிழிந்து, ஒவ்வொன்றாக உரித்துச் சுவரில் ஒட்டி உலர்த்துவார்கள்.

கூழ் சரியாக இடிபடாவிட்டால் தாளில் முடிச்சு முடிச்சாகத் திரளும்; அந்த இடத்தில் மை ஏறாது. தொட்டி நீரில் சில செடிகளின் வழவழப்பான சாற்றைச் சேர்ப்பதும் முக்கியம். அது இல்லாவிட்டால் இழைகள் சீராகப் பரவாமல் அடியில் தங்கும். அடுக்கிய ஏடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உரிக்க வராது. புனித நூல்களுக்கான தாளை ஹுவாங்போ என்ற மரத்தின் மஞ்சள் பட்டைச் சாயத்தில் தோய்ப்பார்கள். இந்தச் சாயத்துக்குப் பூச்சியை விலக்கும் தன்மை உண்டு. வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த பல சுருள்கள் இன்றும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மை: கரியும் பசையும்

பைன் மரத்தைக் காற்றுக் குறைவான உலையில் எரித்தால் படியும் புகைக்கரிதான் மையின் நிறம். கரி மட்டும் இருந்தால் தாளில் நிற்காது, தொட்டால் கையோடு வந்துவிடும். அதனால் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையைச் சேர்ப்பார்கள். நீரில் கரையும் இந்தப் பசை, உலர்ந்ததும் கரித்துகளை நாரோடு பிணைத்துவிடும். பசை கூடினால் தாள் பலகையோடு ஒட்டிக் கிழியும். குறைந்தால் எழுத்து உலர்ந்த பிறகும் கலையும்.

இங்கே ஒரு குறிப்பு. நீர் கலந்த இந்த மை உலோகத்தின் மேல் சீராகப் பரவாது, திட்டுத் திட்டாக நிற்கும். மரம் அதைக் கொஞ்சம் உறிஞ்சி மேற்பரப்பில் சமமாகப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவில் உலோக எழுத்துக்கென்று எண்ணெய் மையைத் தேடவேண்டி வந்தது; தடித்த கந்தல் காகிதத்தில் அதைப் பதிக்கத் திருகு அழுத்தியும் வேண்டியிருந்தது. சீன அச்சில் இயந்திரம் இல்லாததைக் குறையாகச் சொல்பவர்கள் இந்தப் பொருத்தத்தைக் கவனிப்பதில்லை. அங்கே அதற்கு வேலையே இல்லை.

முத்திரையும் மைப்படியும்

அச்சுக்கு இரண்டு பெற்றோர். ஒன்று முத்திரை. அதில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கும் பழக்கம் சீனாவில் மிகப் பழையது. மற்றொன்று மைப்படி, அதாவது கல்லில் வெட்டிய எழுத்தைத் தாளில் பிரதி எடுப்பது. ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்குவார்கள். தாள் பாதி உலர்ந்ததும், துணிப்பொதியை மையில் தோய்த்து மேலே ஒற்றுவார்கள். கறுப்புத் தளத்தில் எழுத்து வெள்ளையாகத் தெரியும். தமிழகக் கோயில்களில் கல்வெட்டு ஆய்வாளர்கள் எடுக்கும் மைப்படியும் இதே முறைதான்.

கி.பி. 175 முதல் 183 வரை ஹான் தலைநகர் லுவோயாங்கில், கன்பூசிய மூலநூல்களைக் கற்பலகைகளில் வெட்டி நிறுத்தினார்கள். நகலெடுப்பவர்கள் கைக்கு வந்தபடி பாடத்தை மாற்றிவிடாதிருக்க, எல்லோரும் வந்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஒரு திருத்தமான பாடம் வேண்டும் என்பது நோக்கம். கல்லில் நிற்கும் பாடத்தைத் தாளில் வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியாக மைப்படி பின்னர் பரவியது.

இதுவரை பார்த்ததைக் கூட்டினால்: மெல்லிய தாள், நீர் மை, இடவலம் மாறிய செதுக்கல், தாளின் மேல் கையால் பிரதி எடுக்கும் பழக்கம். இந்த நான்கும் ஒரே மேசைக்கு வந்தபோது மரப்பலகை அச்சு பிறந்தது.

ஒரு பலகை உருவாகும் விதம்

மரப்பலகை அச்சு என்பது ஒரு முழுப் பக்கத்தின் எழுத்தையும் படத்தையும் ஒரே பலகையில் மேடாகச் செதுக்கி அச்சிடுவது. பேரி, இலந்தை போன்ற நுண்ணிய இழை கொண்ட மரங்களே விருப்பம். மெத்தென்ற மரத்தில் மெல்லிய கோடு நிற்காமல் சிதையும். மிகக் கடினமான மரம் உளியின் முனையை உடைக்கும்.

பலகையை வாரக்கணக்கில் நீரில் ஊறப்போட்டு மரச்சாற்றை வெளியேற்றி, நிழலில் உலர்த்துவார்கள். வெயிலில் காயவைத்தால் வளைந்துவிடும். வளைந்த பலகையில் ஓரம் பதிந்தால் நடு பதியாது. பிறகு இழைத்து, வழவழப்பாகத் தேய்த்து, தாவர எண்ணெய் பூசுவார்கள்.

இதற்கிடையில் எழுத்தர் ஒருவர் மெல்லிய தாளில் கட்டம் கட்டி, பக்கத்தை அழகான கையெழுத்தில் எழுதுவார். பிழை பார்ப்பது இந்த நிலையில்தான். மரத்துக்குப் போன பிறகு பிழை என்றால் செலவு. பலகையில் அரிசிப் பசையை மிக மெலிதாகத் தடவி, எழுதிய பக்கம் கீழே இருக்கும்படி தாளை ஒட்டுவார்கள். உலர்ந்ததும் விரல்நுனியால் தேய்த்துத் தாளின் மேலடுக்கை உருட்டி எடுத்துவிடுவார்கள். எஞ்சும் தோல்போன்ற படலத்தில் சிறிது எண்ணெய் தடவினால், எழுத்துகள் இடவலம் மாறித் தெளிவாகத் தெரியும். செதுக்குபவர் இடவலம் மாறிய எழுத்தை மனத்தால் யோசிக்கவே வேண்டாம். எழுத்தரின் மைக்கோடே அவருக்கு வழிகாட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடச் செதுக்க முடிந்தது இதனால்தான்.

முதலில் ஒவ்வொரு கோட்டின் இரு ஓரத்திலும் கூரிய கத்தியால் சாய்வாகக் கீறுவார். கோட்டின் அடி அகலமாகவும் முகடு குறுகலாகவும் இருந்தால்தான் தேய்க்கும்போது முறியாது. பிறகு வெற்றிடங்களை உளியால் குடைந்து எடுப்பார். பள்ளம் போதாவிட்டால் மை அங்கேயும் தேங்கி, அச்சில் வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் கரும்புள்ளி விழும். தேர்ந்த கைக்கு நாளொன்றுக்கு நூறு எழுத்துச் சொச்சம். அச்சான தாளை நடுவில் மடித்தால் இரண்டு பக்கமாகும் ஒரு பலகையில் நானூறு எழுத்து இருந்தால், அது ஏறக்குறைய நான்கு நாள் வேலை.

எழுத்துப் பிழை விழுந்தால் பலகையைத் தூக்கி எறிவதில்லை. அந்த எழுத்தை மட்டும் குழிபோல வெட்டி எடுத்து, அதே அளவு மரத்துண்டை இறுக்கமாக அடித்து இறக்கி, மட்டப்படுத்தி மறுபடி செதுக்குவார்கள்.

அச்சும் மடிப்பும்

பலகையை மேசையில் அசையாமல் பொருத்தி, உருண்டைத் தூரிகையால் மையைப் பூசி, தாளைப் பரப்பி, முதுகைப் பனைவகை நாரால் செய்த நீண்ட தூரிகையால் இழுத்துத் தேய்த்து, உரித்து எடுத்தால் ஒரு பிரதி. 1582-இல் சீனா வந்த இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி, ஓர் ஆள் ஒரே நாளில் 1500 பிரதிவரை எடுப்பதாக எழுதினார். ஒரு பக்கத்தைச் செதுக்க ஆகும் நேரம், ஐரோப்பாவில் ஒரு பக்கத்துக்கு அச்சுக்கோக்க ஆகும் நேரத்தைவிட அதிகமில்லை என்பதும் அவர் கணிப்பு.

தாள் மெல்லியது என்பதால் மை மறுபக்கமும் தெரியும். ஆகவே ஒரு பக்கம் மட்டுமே அச்சு. நடுவில் மடித்தால் இரண்டு பக்கம். மடிக்க வேண்டிய இடத்தைக் காட்ட, பலகையின் நடுப்பட்டியில் மீன்வால் போன்ற ஒரு குறியைச் செதுக்கினார்கள். வாலின் பிளவு நேரே மடிப்புக்கோட்டில் விழும். நூலின் பெயர், பக்க எண், சில சமயம் செதுக்கியவரின் பெயர் எல்லாம் அந்தக் குறுகிய பட்டிக்குள் இருக்கும். சோங் அரசமரபின் காலத்தில் (960–1279) அச்சுப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து முதுகில் ஒட்டினார்கள். திறந்தால் வண்ணத்துப்பூச்சி சிறகு விரிப்பதுபோல் இருக்கும். ஆனால் இடையிடையே இரண்டு வெற்றுப் பக்கம் வந்து வாசிப்பைத் தடுக்கும். பின்னாளில் அச்சுப் பக்கம் வெளியே வரும்படி மடித்து, திறந்த ஓரத்தை நூலால் தைத்தார்கள்.

தேதி பொறித்த மிகப் பழைய அச்சு நூலாக நம்மிடம் எஞ்சியிருப்பது துன்ஹுவாங்கில் கிடைத்த வஜ்ரச்சேதிகா சூத்திரம் என்ற பௌத்த நூலின் சுருள். கி.பி. 868 மே 11-க்கு இணையான சீனத் தேதியும், வாங் ஜியே என்பவர் தம் பெற்றோர் பொருட்டு இலவசமாக வழங்கச் செய்தது என்ற குறிப்பும் அதன் இறுதியில் உள்ளன. ஏழு தாள்களை ஒட்டிய, ஐந்து மீட்டருக்குச் சற்று மிகுந்த அந்தச் சுருளின் முகப்பில், புத்தர் தம் சீடர் சுபூதிக்குப் போதிக்கும் காட்சி நுண்ணிய கோடுகளில் செதுக்கப்பட்டிருக்கிறது. தொடக்க முயற்சியின் தடுமாற்றம் அதில் துளியும் இல்லை. அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக இந்தக் கைவேலை தேர்ந்திருக்க வேண்டும். ஜப்பானில் 764–770 ஆண்டுகளில் பௌத்த மந்திரத் தாள்களை மிகப் பெரும் எண்ணிக்கையில் அச்சிட்டுச் சிறு கோபுரங்களுக்குள் வைத்தார்கள் என்பதும் இதற்குத் துணை நிற்கிறது.

அரசு பின்னால்தான் வந்தது. 932-இல் அமைச்சர் ஃபெங் தாவின் முயற்சியால் தொடங்கிய கன்பூசிய நூல்களின் அச்சுப்பதிப்பு 953-இல் முடிந்தது. 971-இல் செங்துவில் தொடங்கிய பௌத்தத் திருமுறைத் தொகுப்புக்குச் சுமார் 1,30,000 பலகைகள் செதுக்கப்பட்டன.

சுருங்கச் சொன்னால், உழைப்பெல்லாம் செதுக்குவதில். அச்சிடுவது வேகம், மலிவு. இதை நினைவில் வைத்தால் அடுத்த பகுதி எளிதாகப் புரியும்.

தனி எழுத்து ஏன் வெல்லவில்லை

தனி எழுத்து அச்சு என்பது ஒவ்வோர் எழுத்தையும் தனித்துண்டாகச் செய்து, கோத்து அச்சிட்டு, கலைத்து மறுபடி பயன்படுத்துவது. 1041–1048 காலத்தில் பி ஷெங் என்ற சாதாரண மனிதர் இதைச் செய்ததை அறிஞர் ஷென் குவோ பதிவு செய்திருக்கிறார். பிசுபிசுப்பான களிமண்ணில் எழுத்தை வெட்டி நெருப்பில் சுட்டார். இரும்புத் தட்டில் பைன் பிசின், மெழுகு, காகிதச் சாம்பல் கலந்த பூச்சைப் பரப்பி, இரும்புச் சட்டத்துக்குள் எழுத்துகளை அடுக்கினார். தட்டைச் சூடாக்கினால் பூச்சு இளகும். மேலே சமப்பலகையால் அழுத்தினால் எல்லா எழுத்தும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு தட்டில் அச்சு நடக்கும்போது மற்றொன்றில் கோப்பு நடக்கும். அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள். மரத்தை அவர் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு: மரத்தின் இழை ஒருசீராக இல்லை, ஈரம் பட்டால் உப்பும், பிசினோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்த மரச் சிக்கலை அதிகாரி வாங் ஜென் தீர்த்தார். பிசினை விட்டுவிட்டு, எழுத்து வரிசைகளுக்கு நடுவே மூங்கில் பட்டைகளை வைத்துச் சிறு மரச் செருகல்களால் இறுக்கினார். சுழலும் வட்ட மேசைகளில் எழுத்துகளை அடுக்கி, உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுக்கும்படி செய்தார். 1298-இல் ஒரு மாவட்ட வரலாற்று நூலின் 100 பிரதிகளை ஒரு மாதத்துக்குள் முடித்தார். முறை வேலை செய்தது என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் கணக்கு உதைத்தது. சில டஜன் எழுத்து வடிவங்களோடு ஐரோப்பியர் வேலையைத் தொடங்கலாம். சீன நூலுக்கு ஆயிரக்கணக்கான வெவ்வேறு எழுத்துகள், ஒவ்வொன்றிலும் பல பிரதிகள். வாங் ஜென்னுக்கே பல்லாயிரக்கணக்கில் தேவைப்பட்டன. முதல் பக்கம் அச்சாகும் முன்பே பெரும் முதலீடு போய்விடும். பலகைக்காரருக்கோ ஒரு கத்தி, சில மரம், ஒரு நூல் போதும்.

இதைவிடப் பெரிய காரணம் மறுபதிப்பு. கோத்த எழுத்தைக் கலைத்துவிட்டால் பிறகு பிரதி எடுக்க முடியாது. எனவே எத்தனை விற்கும் என்று தெரியாமலே மொத்தத்தையும் அச்சிட்டாக வேண்டும். விற்காதவை முடங்கிய பணம். பலகைகளை அடுக்கி வைத்தால், இன்று முப்பது, அடுத்த ஆண்டு ஐம்பது என்று கேட்டபோது எடுக்கலாம். பலகைகளை விற்றார்கள், வாடகைக்கு விட்டார்கள். ஒரு பலகை பல்லாயிரம் பிரதி தாங்கும். பெரிய தொகுப்பைக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும்போதுதான் தனி எழுத்து லாபம். 1726-இல் சிங் அரசவை சுமார் இரண்டரை லட்சம் வெண்கல எழுத்துகளால் ஒரு மாபெரும் கலைக்களஞ்சியத்தை அச்சிட்டது; எடுத்தவை எழுபதுக்கும் குறைவான பிரதிகளே.

உளி எழுத்தை மாற்றியது

கையெழுத்தை அப்படியே ஒட்டிச் செதுக்குவதால், சோங் கால நூல்களில் தூரிகையின் உயிர் இருந்தது. ஹாங்சோ பகுதி நூல்கள் ஓயாங் சுன்னின் கையை ஒட்டியும், சிச்சுவான் நூல்கள் யான் ஜென்சிங்கின் கையை ஒட்டியும், ஃபூஜியான் நூல்கள் லியூ கோங்சுவானின் கையை ஒட்டியும் அமைந்தன. மூவருமே சோங்குக்கு முந்திய தாங் காலத்து எழுத்துக்கலை மேதைகள்.

மிங் அரசமரபின் காலத்தில் (1368–1644) வேகம் தேவைப்பட்டபோது வடிவம் மாறியது. பலகையில் மர இழை இடவலமாக ஓடுகிறது. இழையோடு போகும் கிடைக்கோடு மெல்லியதாக இருந்தாலும் முறியாது. இழைக்குக் குறுக்கே நிற்கும் செங்குத்துக்கோடு தடிமனாக இருந்தால்தான் நிற்கும். ஆகவே கிடைக்கோடு மெலிந்தது, செங்குத்துக்கோடு தடித்தது, கிடைக்கோட்டின் முடிவில் ஒரு சிறு முக்கோணம் நின்றது. இன்று கணினியில் சீன, ஜப்பானிய நூல்களுக்குப் பயன்படும் முதன்மையான எழுத்துரு இதுதான். மரத்தின் இழை இன்றும் திரையில் தெரிகிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

படமும் எழுத்தும் ஒரே உளிக்கு வசப்பட்டதால், ஃபூஜியானின் ஜியான்யாங் கடைகள் மேலே படம், கீழே கதை என்று மலிவுக் கதைநூல்களைக் கொண்டுவந்தன. நூல்கள் பெருகியதைக் கண்ட கவிஞர் சு ஷி 11-ஆம் நூற்றாண்டிலேயே கவலைப்பட்டார். முன்பு பெரியவர்கள் ஒரு வரலாற்று நூல் கிடைத்தால் கையால் படியெடுத்து இரவுபகலாகப் படித்தார்கள், இப்போது நாளொன்றுக்குப் பத்தாயிரம் பக்கம் அச்சாகியும் மாணவர்கள் கட்டிவைத்துவிட்டு வெட்டிப்பேச்சுப் பேசுகிறார்கள் என்று எழுதினார்.

வண்ணம் இந்தக் கலையின் உச்சம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சிறுபலகை செதுக்கி, ஒரே தாளில் அடுத்தடுத்துப் பதிப்பார்கள். நடுவில் இடைவெளி விட்ட மேசையின் ஒரு பக்கத்தில் தாள்கட்டின் ஓரத்தை இறுக்கிவிட்டு, மறுபக்கத்தில் பலகையைப் பிசின் கலவையால் ஒட்டுவார்கள். தாள்கட்டு அசையாது, ஒவ்வொரு தாளாகப் பலகைமேல் புரட்டி, அச்சானதும் இடைவெளிக்குள் தொங்கவிடுவார்கள். நிறம் ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் இதழ் ஒருபக்கம், அதன் ஓரக்கோடு ஒருபக்கம் என்று ஆகிவிடும். நாஞ்சிங்கில் ஹூ ஜெங்யான் 1633-இல் முடித்த ஓவியத் தொகுப்பில், இலை நுனியில் நிறம் மெல்ல வெளிறுவதுகூடப் பதிந்திருக்கிறது. பலகையில் மையைப் பூசிய பிறகு ஓரத்தை ஒற்றியெடுத்து உண்டாக்கும் வித்தை அது.

அருங்காட்சியகத்தில் எப்படி அடையாளம் காண்பது

பழைய சீன நூல் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தால், முதலில் பக்கத்தைச் சுற்றிய சட்டக்கோட்டின் மூலைகளைப் பாருங்கள். மூலைகள் இடைவெளியின்றிச் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் பலகை. சிறு பிளவு இருந்தால் தனித்தனிச் சட்டங்களை வைத்துக் கோத்த தனி எழுத்து. அடுத்து, ஓர் எழுத்தின் வால் பக்கத்து எழுத்தின் எல்லைக்குள் நுழைகிறதா என்று பாருங்கள். தனித்தனித் துண்டுகளில் அது நடக்காது. ஓர் எழுத்து கறுத்தும் அடுத்தது வெளிறியும் மாறி மாறி இருந்தால் துண்டுகளின் உயரம் சமமில்லை என்று பொருள். எங்காவது ஓர் எழுத்து படுத்தோ தலைகீழாகவோ இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பல வரிகளை ஒரே வீச்சில் குறுக்காக வெட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால், அது பலகையில் விழுந்த வெடிப்பு. பலகை பழையதாக ஆக அந்தக் கோடு அகலும். ஒரே நூலின் இரண்டு பிரதிகளில் எது முந்தி எடுத்தது என்பதைப் பதிப்பு ஆய்வாளர்கள் அந்தக் கோட்டின் அகலத்தை ஒப்பிட்டே சொல்கிறார்கள்.